கெட்டிலும் கங்காணியும்

மான்செஸ்டர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

"பேராதனையில நாலு வருசம், அங்க ஒரு வருசம். கடைசியில போஸ்ட்டுல ஏறுற வேலைதானே?"ன்னு போன்ல கேட்டீங்க. ஏறுறதுக்குப் படிப்பே வேணாம் அப்பா. 2025 பெப்ரவரியில பாணந்துறை உபமின் நிலையத்துல ஒரு குரங்கு புகுந்துதான் நாடே இருண்டுச்சுன்னு மந்திரியே சொன்னாரே.

நான் படிக்கிறது கெட்டிலைப் பத்தி. சிரிக்காதீங்க. 1990 ஜூலை 4, உலகக் கிண்ண அரையிறுதியில இங்கிலாந்து மேற்கு ஜெர்மனிகிட்டத் தோத்த கையோட, நாடே எழும்பித் தேத்தண்ணிக்குக் கெட்டில் போட்டுச்சாம். ஒரேயடியா 2,800 மெகாவாட் ஏறிடுச்சு. நம்ம நோட்டன்பிரிட்ஜ் விமலசுரேந்திர மின் நிலையம் 50 மெகாவாட். அது மாதிரி 56 வேணும்! இந்த மாதிரி நேரத்துக்குன்னு வேல்ஸ்ல டினோர்விக்குல ஒரு மலையைக் குடைஞ்சு மின் நிலையம் வச்சிருக்காங்க. ராத்திரி மலிவுக் கரண்டுல தண்ணிய மேல ஏத்தி வச்சு, கேட்டதும் சில வினாடியில திறந்து விடுறாங்க. கொழுந்துக்காக ஒரு மலையே முழிச்சிருக்குன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. இங்க இப்ப கென்யாத் தூள்தான் கூட. அதைச் சொல்ல வேணாம்.

என் பாடு வேற. வீட்டுக்கார அம்மா குசினியில ஒரு பெட்டி வச்சிருக்காங்க. கரண்ட் போற போக்குக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். நான் வச்ச பேரு கங்காணி. ரொட்டி சுட்டா சிவப்பு. கெட்டில் போட்டா சிவப்பு. 'ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பைத் தண்ணி'ன்னு சுவர்ல சட்டம் வேற. கணக்குப் போட்டேன்: 3 கிலோவாட்டுக்கு ஒரு கோப்பை கொதிக்க அரை நிமிசம். அந்த அரை நிமிசமும் முறைக்கிறான். துணியால மூடினேன், துணிக்குள்ளயும் சிவப்பு. வெள்ளிக்கிழமை பெட்டி வயரைக் கழட்டிட்டு நிம்மதியா ரெண்டு கோப்பை குடிச்சேன். அதே கணக்கு அவங்க போன்லயும் தெரியுதாம்! மின் பொறியியல் முதுமாணிக்கு அது தோணல.

வேலையா? போஸ்ட்டுல ஏறுறது மட்டுமில்ல, மன்னார்ல காத்தாலை நிக்குது, ரயில்வே இருக்கு. நம்ம தேயிலை இஸ்டோருல கொழுந்து வாட்டுற காத்தாடி மோட்டரும் என் பாடம்தான். போன வாரம் ஆய்வுகூடத்துல அதே உறுமல். கண்ணை மூடினா, நீங்க இரவு வேலை முடிஞ்சு வர்ற தேயிலை வாசம்.

லக்ஷபானத் தண்ணியில கரண்ட் எடுக்கலாம்னு இஞ்சினியர் விமலசுரேந்திர 1918ல சொன்னாரு. 1950லதான் வந்துச்சு. அந்தக் கம்பி நம்ம லயத்து மேலாலதான் போச்சு. நீங்க படிச்சது குப்பிலாம்புல.

மாமா மகன் அடுத்த மாசம் வர்றானாம். தூள் ஒரு கிலோ குடுத்துவிடுங்க. டஸ்ட் வேணாம், பீ.ஓ.பி.

உங்கள் மகன்