லயத்து ஒலிப்பதிவாளர்: ஓர் அறிமுகம்

பசறை, ஹாலி எல, தெமோதரை என்று பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில், தமது லயக்காம்பராவின் ஒரு மூலையை ஸ்டூடியோ என்று அறிவித்துவிட்டு, திருவிழாப் பக்திப் பாடல்களையும் காமன் கூத்துப் பாட்டுகளையும் மடிக்கணினியில் பதிவுசெய்யும் ஒருவரைக் காணலாம்; சவுண்ட் மாஸ்டர் என்று பிறர் அழைத்தால் அடக்கமாகச் சிரிப்பார், அழைக்காவிட்டால் நினைவூட்டுவார். பதிவு தெளிவற்றுப் போகும்போதெல்லாம் அதற்கான தீர்வைக் கடைவீதியில் தேடுவாரேயன்றித் தமது அறைக்குள் தேடமாட்டார் என்பதே இவ்வகையினரின் தலையாய இலக்கணம்.

முதற்பழி மைக்கின்மீது விழும். கேபிள் வழியே 48 வோல்ட் மின்னழுத்தம் செலுத்தினால் இயங்கும் கண்டென்சர் மைக்கொன்றைப் பதுளை நகரில் கடன்பட்டு வாங்கிவருவார். நுண்ணிய ஒலியையும் தவறவிடாத அக்கருவி, பாடகரின் குரலோடு அடுத்த காம்பராவின் தொலைக்காட்சி நாடகத்தையும், கொழுந்து லொறியின் உறுமலையும், தகரக் கூரையில் கொட்டும் ஐப்பசி மழையையும் பாரபட்சமின்றிப் பதிந்து வைக்கும்.

எதிரொலியை ஒழிக்கச் சுவரெங்கும் முட்டைத் தட்டுகளை ஒட்டுவார். மெல்லிய காகிதக் கூழாலான அவை ஒலியைப் பெரிதாக உறிஞ்சுவதுமில்லை, வெளிச்சத்தத்தைத் தடுப்பதுமில்லை என்பதால், இம்முயற்சியின் ஒரே விளைவு வீட்டில் மாதக்கணக்காக முட்டைக் குழம்பு என்பதே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒலிக் கம்பிக்குள் கசிவதால் எழும் ரீங்காரம் கேட்டால் தோட்டத்து டிரான்ஸ்போமரைச் சபிப்பார். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும் பள்ளி மாணவனை, காம்பராவிலிருந்தே கழற்றிவிடுவார். உள்ளீட்டு அளவாகிய கெயினை உச்சத்தில் வைத்துத் தப்பு முழக்கத்தைப் பதிவதால், கருவியின் எல்லையை மீறிய அலைமுகடுகள் வெட்டுண்டு கரகரக்கும் கிளிப்பிங் நேரும். அதை மென்பொருளால் துடைக்கத் துடைக்க, பாடகர் பீலியடியில் குளித்தபடி பாடுவதுபோல் ஆகிவிடும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடைப்பட்ட தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறைய, அறையின் எதிரொலியோ அவ்வாறு குறையாது நிற்பதால், பாடகரை ஒரு சாண் தூரத்துக்கு அழைத்து, கெயினைத் தணித்து, அவருக்குப் பின்னால் வீட்டிலுள்ள தடித்த கம்பளியைத் தொங்கவிட்டாலே பதிவு பெருமளவு தேறும். தகரத்து மழைக்கு மட்டும், அது விடும்வரை காத்திருப்பதே மருந்து. இவற்றில் எதற்கும் காசு செலவாகாது என்பதாலேயே சவுண்ட் மாஸ்டர் எதையும் நம்புவதில்லை.