அரை அடியின் இடப்பெயர்ச்சி: வீட்டு பிளான் திருத்தம் குறித்து ஒரு சிற்றாய்வு

கோயில் கட்டுவோருக்கு மயமதம் இருக்கிறது, மானசாரம் இருக்கிறது. மூன்று சென்ட் மனையில் பீரோவை எங்கே வைப்பது என்று கேட்டால் மாமனார் மட்டுமே இருக்கிறார். இக்குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு. களம், மதுரைப் புறநகரில் ஒரு மனை. ஆய்வின் எல்லை மனையின் எல்லையே: அகலம் 30 அடி, நீளம் 43½ அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் மூன்று சென்ட்டுக்கு 1,306.8 வர வேண்டும். நாடா பிடித்தால் 1,305தான் வருகிறது. மீதி 1.8 சதுர அடி பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் இருப்பதாகக் குடும்பம் உறுதியாக நம்புகிறது. அது வேறு ஆய்வு, வேறு நீதிமன்றம்.

பிளான் திருத்தத்தின் அடிப்படை அலகு அரை அடி. கால் அடி கேட்டால் கேட்டவருக்கே கௌரவக் குறைவு. ஓர் அடி கேட்டால் என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அரை அடிதான் கேட்பவருக்குக் கூச்சம் தராதது, கொடுப்பவருக்கு உடனே வலிக்காதது. "ஹாலை மட்டும் ஒரு அரை அடி தள்ளிப் போட்டுருங்க சார்" என்ற வாக்கியத்தில் தொடங்காத திருத்தம் களத்தில் கிடைக்கவில்லை. இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: அரை அடி ஆக்கப்படுவதும் இல்லை, அழிக்கப்படுவதும் இல்லை, அறை மாறுகிறது.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டென்று வாதிடுவோர் சுவரைக் காட்டுவர். ஒன்பது அங்குல உள்சுவரை நாலரை அங்குலத் தடுப்பாக மாற்றினால் நாலரை அங்குலம் சும்மா கிடைக்கிறதல்லவா? கிடைக்கிறது. ஆனால் சுவர் மெலிந்தாலும் 9-க்கு 12 கான்கிரீட் தூண் மெலிவதில்லை. அது அறையின் மூலையில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த மூலை பெரும்பாலும் கன்னி மூலையாக இருக்கும். பீரோ வடக்கு பார்த்து நிற்க வேண்டிய இடமும் அதுவே. ஆக, மிச்சம் பிடித்த நாலரை அங்குலத்தைத் தூணுக்கும் பீரோவுக்கும் நடுவில் பல்லி எடுத்துக்கொள்கிறது.

அடுத்து எண்ணியல். மனையடி சாஸ்திரப்படி அறையின் உள்கூடு 10 அடி, 11 அடி என்றால் நல்லது. 16, 17 மிக நல்லது. இடையில் 12 முதல் 15 வரை ஆகாது. என்ஜினியரிங் கல்லூரிகளோ இந்த ஆகாத எண்களைக் கொண்டே படுக்கையறைகளை வரையக் கற்றுக்கொடுக்கின்றன. முதல் பிளானில் வந்த 12-க்கு 14 அறையைப் பெரியப்பா பார்த்த மாத்திரத்தில் மடித்து வைத்தார். பன்னிரண்டைப் பதினொன்றாகக் குறைப்பது எளிது. பதினான்கைப் பத்தாக்க மனம் வராது, பதினாறாக்க மனை போதாது. தமிழ்நாட்டில் இத்தனை வீடுகளில் நீண்டு ஒடுங்கிய ஹால்கள் ஏன் என்று வெளியூர்க்காரர் வியப்பதுண்டு. 11-க்கு 16 என்பதே விடை.

அந்தப் பதினோரு அடியை எங்கே அளப்பது என்பதில் அறிஞர்கள் இரு பிரிவினர். உட்பூச்சு ஏறக்குறைய அரை அங்குலம். இரு பக்கமும் சேர்த்தால் ஓர் அங்குலம். செங்கல்லுக்குச் செங்கல் அளந்து பதினொன்று வைத்தால் பூசிய பிறகு பத்தடி பதினொரு அங்குலம்தான் நிற்கும். பூச்சுக்கு முந்தைய அளவே செல்லும் என்பது பழைய கொத்தனார்கள் கொள்கை. பூசிய பின் வருவதே பலன் தரும் என்பது புதிய வாஸ்து நிபுணர்கள் கொள்கை. சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டுமெனும் தீவிரவாதிகளும் உளர். நாம் முதல் பிரிவைச் சார்ந்து நிற்கிறோம். அவர்கள் கூலி குறைவு.

இனி இவ்வாய்வின் மையமான கருதுகோளுக்கு வருவோம். பிளானில் இடம் பெறுவதற்கும் வீட்டில் வசிப்பதற்கும் தொடர்பில்லை. கள ஆய்வில் அதிக இடம் பெற்றவர்கள் யார் யார்? முதலாவது, இன்னும் வாங்காத கார். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு 2006 பட்ஜெட்டிலிருந்து வரிச்சலுகை இருப்பதால், வாங்கப்போவதும் அந்த நீளத்தில்தான் இருக்கும் என்று கணித்துப் போர்ட்டிகோ நிர்ணயிக்கப்பட்டது. நான்கு மீட்டர் என்பது பதின்மூன்று அடிக்குச் சற்று மேல். அது ஆகாத எண்ணாயிற்றே என்று யாரும் கேட்கவில்லை. காருக்கு ஜாதகம் கிடையாது. இரண்டாவது, மாடிக்கு வரப்போகும் வாடகைக்காரர். அவருக்காகவே படிக்கட்டு வீட்டுக்கு வெளியே போயிற்று. படி ஒற்றைப்படையாக 21 வைத்ததும் அவர் காலுக்குத்தான். மூன்றாவது, ஷார்ஜாவில் இருக்கும் மகன். பிளான் வாட்ஸ்அப்பில் போகும். கட்டைவிரல் திரும்பி வரும். மறுநாள் "ரெண்டு ரூமுக்கும் அட்டாச்டு வேணும்" என்று குரல் வரும். நான்காவது, விருந்தாளி. எந்த ஊர், எந்த உறவு என்பது முடிவாகாத நிலையிலும் அவர் அறை 10-க்கு 11-இல் அசையாமல் நிற்கிறது.

இவர்கள் அனைவருக்கும் சென்ற அரை அடிகள் எங்கிருந்து புறப்பட்டன என்று பின்னோக்கிச் சென்றால் எல்லாத் தடங்களும் அக்னி மூலையில், அதாவது அடுப்படியில், முடிகின்றன. காரணம் எளியது. பிளான் விரிக்கப்படுவது ஹாலில். என்ஜினியர் வந்திருக்கிறார், மச்சான் வந்திருக்கிறார், பெரியப்பா வந்திருக்கிறார். அடுப்படிக்கு உரியவர் அந்த நேரத்தில் அத்தனை பேருக்கும் காபி போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தட்டோடு வருவதற்குள் ஓர் அரை அடி போயிருக்கும். வடை என்றால் ஓர் அடி.

இதைக் கண்டறிந்த வீட்டம்மாள் ஒருநாள் காபி போடாமல் வந்து உட்கார்ந்தார்.

"அத்தை, கிரைண்டர் எங்க வைக்க?" என்றார் மருமகள்.

"அதத்தான் சாரக் கேக்கணும். கிரைண்டர மடியில வச்சுக்கிட்டா ஆட்ட முடியும்?"

என்ஜினியர் பென்சிலை எடுத்தார். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சமையலறை 5 சதுர மீட்டருக்கும் 1.8 மீட்டர் அகலத்துக்கும் குறையக் கூடாது என்கிறது. நாம் அதற்கு மேல்தான் இருக்கிறோம் என்று விளக்கினார். விதித்தொகுப்பில் கிரைண்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அன்று அரை அடி முதன்முறையாக எதிர்த்திசையில் நகர்ந்தது. விருந்தாளி அறையிலிருந்து வந்தது.

அரசாங்க அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்துவிட்டது. இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். பெரியப்பாவின் அனுமதிக்கு அப்படி ஓர் ஒற்றைச்சாளர ஏற்பாடு இன்னும் வரவில்லை. நல்லவேளையாக, வாஸ்து புருஷன் ஆண்டுக்கு எட்டு நாள், அதுவும் ஒன்றரை மணி நேரம் மட்டுமே கண்விழிக்கிறார். அவர் திரும்பத் தூங்குமுன் பூஜை போட்டாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லையென்றால் எந்த பிளானும் முடியாது.

வானம் தோண்டுவதற்காகச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று எல்லோரும் அவரவர் அறைக்குள் போய் நின்று கையை விரித்துப் பார்த்தார்கள். "இம்புட்டுத்தானா?" என்பதே ஒருமித்த கருத்து. வானமே எல்லையாக இருக்கும் இடத்தில் எந்த அறையும் சிறிதாகத்தான் தெரியும். "செவரு எந்திரிச்சாப் பெருசாத் தெரியும்" என்றார் மேஸ்திரி. சுவர் எழுந்ததும் பூசினால் தெரியும் என்றார். பூசியதும் வெள்ளையடித்தால் தெரியும் என்றார். அடுத்த கட்டத்தைக் கேட்பதற்குள் அவர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்.

மேலாய்வுக்கு உரியது ஒன்று எஞ்சி நிற்கிறது. பிளானில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது கால்வட்டக் கோடு போட்டுத் தெளிவாகக் காட்டப்படுகிறது. அப்படியிருந்தும் சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருப்பது எப்படி? அது எலக்ட்ரீஷியன் துறை. கேட்டதற்கு, "பிளான்ல ஃபர்ஸ்ட்டு கதவு அந்தப் பக்கம்தான் சார் இருந்துச்சு" என்றார்.