எங்கள் சாளையையும் சீமைச் சரக்காக்குங்கள்

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், புதுதில்லி.
பொருள்: இடிந்தகரைச் சாளையை இறக்குமதிப் பண்டமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணு உலை சீர்குலைந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி, ஜப்பானிலிருந்து வரும் உணவு அத்தனைக்கும் மூன்று மாதத் தடை என்று அறிவித்தீர்கள். கதிர்வீச்சு பரவுகிறது, நம்பத்தக்க தகவல் கிடைக்கட்டும், அதுவரை ஒரு துண்டு மீனும் வேண்டாம் என்றீர்கள். சில நாளிலேயே அந்தப் பிடி தளர்ந்தது வேறு கதை. தெரியாவிட்டால் நிறுத்து என்ற அந்த முதல் வார்த்தையில் நான் சொக்கிப்போனேன்.

அதே வருஷம் ஆகஸ்டில், பக்கத்துக் கூடங்குளம் அணு உலை வேண்டாமென்று இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு பந்தல் போட்டு ஜனம் உட்கார்ந்தது. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் எங்கள் மீனை எவன் வாங்குவான் என்று கேட்டது. நிபுணர் குழுக்கள் வந்தன. உலையிலிருந்து வெளியேறும் நீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இராது, மீனுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்றார்கள். 2013 ஜூலையில் கூடங்குளம் உலை ஓடத் தொடங்கியது.

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். உள்ளூர் மீனுக்குச் சந்தேகம்கூடக் கிடைக்கவில்லை ஐயா.

சீமைப் பண்டத்தின் யோகமே வேறு. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் வந்த அயர்லாந்து வெண்ணெயில் கதிரியக்கம் உண்டா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போனது. அந்த வெண்ணெய்க்காக நிபுணர் குழு அமைத்து, தின்னலாம் என்று 1988இல் தீர்ப்பும் ஆனது. அதே வருஷம் நவம்பரில்தான் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் உலைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். வெண்ணெய்க்கு வாய்த்த வழக்கு, கொஞ்சம் முந்திக்கொண்டது.

ஆகவே எங்கள் சாளை, நெத்திலி, சிங்கிறால் மூன்றையும் இறக்குமதியாகப் பாவிக்க வேண்டுகிறேன். தூத்துக்குடியில் உங்கள் அனுமதி வாங்க வள்ளத்தை அங்கேயே விடச் சொல்கிறோம். பிறந்த நாடு என்ற கட்டத்தில் 'மன்னார் வளைகுடா' என்று எழுதிக்கொள்ளலாம்.

இரண்டே சிக்கல். லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டுமாம். சாளைக்கு இந்தியில் என்ன பெயரென்று கடற்கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்து, உங்கள் 2017 விதிப்படி சரக்கு வந்திறங்கும்போது ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அது மிச்சமிருக்க வேண்டும். விடியலில் வலையேறிய சாளைக்கு ஏழு மணிக்கு எத்தனை சதவீதம் பாக்கி என்பதை எங்கள் ஏலக்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரை ஆய்வகமாக அங்கீகரித்தால் போதும்.

இப்படிக்கு,
கூடங்குளத்து மீன்தின்னி ஒருவன்

இணைப்பு: ஐஸ் பெட்டியில் அரைக் கிலோ சாளை. சோதனைக்கு மட்டும், பொரித்துவிட வேண்டாம்.