தோண்டாத சுரங்கத்தில் பதினெட்டுக் கூடை

கூடலூரில் இறங்குங்கள், சின்னமனூரில் இறங்குங்கள், கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரிலும் ஒரு 'பிளான் அண்ணன்' இருப்பார். முழுக்கை வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை, டீக்கடை வாசலில் ஸ்டாண்டு போட்ட டிவிஎஸ் எக்ஸெல். பைக்குள் எப்போதும் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும். ஏலக்காயை வெனிலா ஓரங்கட்டிவிடும் என்று ஒரு காலத்தில் மலைத்தோட்டக்காரர்களிடம் அடித்துச் சொன்னவர். வெனிலா படுத்ததும் ஈமு கோழி. அது ஓடியதும் டிராகன் பழம். பழசைக் கிளறினால் கோபப்பட மாட்டார். "அதெல்லாம் அப்பவே முடிச்சாச்சுப்பா" என்பார், நூறு நாள் ஓட்டி இறக்கிய படத்தைச் சொல்வதுபோல.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னால் பாவம். முதலில் தன்னை முழுசாக நம்பவைத்த பிறகுதான் அடுத்தவரிடம் வருவார். நாம் தப்பிக்க முடியாததற்குக் காரணமே அதுதான்.

இந்த வருஷத்துத் திட்டம், தரைக்கடியில் தட்டு வீசும் விளையாட்டு. அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் அனுப்பிய வீடியோவிலிருந்து பிறந்தது. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பந்து, மட்டை ஒன்றும் வேண்டாம். பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டியது. விழுந்த இடத்தில் நின்று மறுபடி வீச வேண்டியது. கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் குறைந்த வீச்சில் போட்டவன் ஜெயித்தான். லூயிவில் நகரத்தில் 1930-களிலிருந்து சுண்ணாம்புக்கல் வெட்டிய ஒரு சுரங்கம் இருக்கிறது. கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அணுகுண்டு விழுந்தால் ஐம்பதாயிரம் பேரை உள்ளே வைத்துக் காப்பாற்றத் திட்டம் போட்ட இடம். வருஷம் முழுக்கப் பதினாலு டிகிரி குளிர். அதற்குள்தான் கூடைகளை நட்டு விளையாடியிருக்கிறார்கள். "மேல மிருகக்காட்சிசாலை. சிங்கம் அங்கிட்டு உறுமும், நம்ம இங்கிட்டு தட்டு வீசலாம்" என்று அண்ணன் சொல்லும்போது அவர் கண்ணில் சிங்கமே தெரியும்.

"ஏண்ணே, இதை வெளிய மைதானத்துல விளையாடக் கூடாதா?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"ஆடி மாசத்துலயா? தேனிப் பக்கம் காத்தாலைக்காரன் சும்மாவா வந்து றெக்கை நட்டான்? இங்க வீசுற தட்டை ஆண்டிபட்டியில போயித்தான் பொறுக்கணும்."

இதுதான் இந்த வகை மனிதர்களின் ஆபத்து. நடுநடுவே நியாயமாகப் பேசிவிடுவார்கள்.

விளையாட்டின் வரலாற்றையும் அவர் விடவில்லை. சங்கிலிக் கூடையை 1970-களில் கொண்டுவந்தவர் எட் ஹெட்ரிக். அவர் 2002-ல் இறந்ததும், அவர் ஆசைப்படியே சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். கடையே ஒரு நிமிஷம் அமைதியானது. "சுருளியில கொண்டுபோயி கரைக்காம தட்டாக்கிட்டாங்களா? ஆடி அமாவாசைக்கு என்ன செய்வாங்க?" என்றார் ஒரு பெரியவர். அண்ணனின் ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கம் இல்லை.

சரி, சுரங்கத்துக்கு எங்கே போவது? இங்கேதான் அண்ணன் அண்ணனாகிறார். தேனி மாவட்டத்தில் அதிகம் பேசப்பட்ட சுரங்கம், இன்றுவரை தோண்டப்படாத சுரங்கம். நீலகிரியின் சிங்காராவில் இடம் கிடைக்காமல், பொட்டிப்புரத்துக்கு வந்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். 2015-ல் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ஒதுக்கியது. மலையைக் குடைந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய், தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் பாறை நிற்க, 132 மீட்டர் நீளத்தில் ஒரு கூடம். மலை என்னாகும், தண்ணீர் என்னாகும், புலி எந்த வழியாகப் போகும் என்று ஊர் கேட்டது. வழக்கு, தீர்ப்பாயம் என்று போனது. 2022-ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் கூடாது என்றது. அண்ணன் மட்டும் அந்தக் கூடத்தின் நீள அகலத்தை மனப்பாடம் செய்து, பதினெட்டுக் கூடைக்கும் இடம் குறித்துவிட்டார். மாவட்டமே இரண்டாகப் பிரிந்து நின்ற விவகாரத்தில், ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இரண்டு தரப்பையும் ஒரே வாரத்தில் தன்மேல் கோபப்பட வைத்த சாதனை அவருடையது.

திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பையன் ஒருவன் நல்லெண்ணத்தில் வாய் கொடுத்தான். "அண்ணே, எங்க பந்தலுக்கடியில விளையாடுங்க. கூரையும் இருக்கு, நெழலும் இருக்கு." அவன் அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-ல்தான் வந்தது. குலைமேல் தட்டு விழவா வாங்கினோம் என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் அதுவரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆராய்ச்சி நடக்குற எடத்துல தட்டு வீச விடுவானா?"

"வாத்தியாரே, நியூட்ரினோ ஒரு செகண்டுக்கு நம்ம ஒடம்பு வழியாவே கோடி கோடியா போகுது. மலையே அதுக்குத் தடையில்ல. என் தட்டா தடுக்கப்போகுது?"

கடை கை தட்டியது. வாத்தியார் பேப்பரை மடித்தார்.

"கருவிக்கு ஐம்பதாயிரம் டன் இரும்பை அடுக்கிக் காந்தமாக்குறதாத் திட்டம். உங்க கூடைச் சங்கிலி எதுல செஞ்சது?"

அண்ணனின் டீயில் ஆடை கட்டியது. தட்டு பிளாஸ்டிக், கூடையும் சங்கிலியும் இரும்பு. பையை எடுத்துக்கொண்டு, எக்ஸெலை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போனார். இனி அடுத்த திட்டம்தான் என்று டீ மாஸ்டர் முடிவு கட்டினார்.

மறுநாள் வெள்ளென, கடை திறக்கும் முன்பே அண்ணன் பெஞ்சில் இருந்தார். ரெக்சின் பை கனத்துத் தொங்கியது. வாத்தியார் வந்ததும் உள்ளே கைவிட்டு, கலகலவென்று இழுத்து மேஜையில் போட்டார்.

"பித்தளை. எந்தக் காந்தம் இழுக்குதுன்னு பார்ப்போம்."

வாத்தியார் பதில் சொல்லும் முன் அண்ணனின் மச்சினன் சைக்கிளை விட்டு இறங்கினான்.

"மாமா, ஊஞ்சச் சங்கிலியைக் கழட்டுறவரு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழட்டக் கூடாதா? அம்மா உக்காரப் போயி, இப்பத் தரையில உக்காந்திருக்கு."