60-ம் 60-ம் சேர்ந்தால் 84

கேள்வி: இரண்டு பூச்சிமருந்தைக் கலந்தால் வீரியம் கூடுமா என்று அறிய, தனித்தனியே அடித்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டால் போதாதா?

பதில்: கூட்டித்தான் பாருங்களேன்! ஒவ்வொன்றும் நூற்றுக்கு 60 பூச்சியைக் கொல்கிறது என்றால், சேர்ந்து 120. செத்ததை மறுபடி சாகடிக்க எந்தக் கம்பெனி மருந்தாலும் ஆகாது. அமெரிக்கப் பூச்சியியலாளர் செஸ்டர் பிளிஸ் 1939-ல் ஒரு கணக்குச் சொன்னார்: முதல் மருந்துக்குத் தப்பியவை 40, அவற்றில் 60 சதவீதம், அதாவது 24-ஐ இரண்டாவது முடிக்கும். ஆக 84. அதைத் தாண்டினால் கூட்டணி. குறைந்தால் உட்கட்சிப் பூசல்.

இதிலும் ஒரு வில்லங்கம். ஒரே மருந்தை இரண்டு புட்டியில் ஊற்றி, அதையே அதனோடு கலந்தாலும் சில சமயம் இந்தக் கணக்கு ‘பலே கூட்டணி’ என்று சான்றிதழ் தந்துவிடும்! அதனால் ஒரே அளவில் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், ஒவ்வொன்றிலும் 8 அளவு எடுத்து 64 கட்டத்திலும் சோதிப்பார்கள்.

பத்து மருந்து என்றால்? ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் வைத்தாலே 1,024 கலவை. எந்த இரண்டு மருந்துக்குள் கூட்டணி என்று அறிய, சாமர்த்தியமாகப் பொறுக்கிய 128 போதும் என்கிறது புள்ளியியல். ஆனால், மூவர் கூடிச் செய்யும் சதி இருவர் கணக்கில் கலந்துவிடும். மூவர் சதி அபூர்வம் என்ற நம்பிக்கையில்தான் பிழைப்பு ஓடுகிறது.