சுவரேறிய ராணி கலர்

கேள்வி: ராணி கலர் சிவப்பு வீட்டுப் பிள்ளையா, ரோஸ் வீட்டுப் பிள்ளையா?

பதில்: இரண்டு வீட்டிலும் உரிமை கொண்டாடும், வானவில்லில் மட்டும் அதற்குப் பங்கு கிடையாது. சிவப்புக்கும் நீலத்துக்கும் தனி அலைநீளம் உண்டு. மெஜந்தா வகையைச் சேர்ந்த இந்த நிறத்துக்கு ஒற்றை அலைநீளம் என்று எதுவும் இல்லை. கண்ணில் சிவப்பையும் நீலத்தையும் உணரும் செல்கள் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டு, பச்சையை உணர்பவை சும்மா இருந்தால், மூளை தானாகவே முடிவு கட்டிக்கொள்ளும் நிறம் இது. ஒளியில் தனியாக இல்லாத ஒன்றை லிட்டர் கணக்கில் விலைக்கு வாங்குவது பெயின்ட் கடையில்தான் நடக்கும்.

கேள்வி: இதற்கு உலக மவுசு எப்படி வந்தது?

பதில்: பூச்சியால். மெக்சிகோவின் சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் சிவப்புச் சாயம் கிடைக்கும். ஸ்பானியர் ஆட்சியில் அங்கிருந்து கப்பலேறிய பொருள்களில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும் என்பதால், அன்று இந்த நிறத்தை உடுத்தியவர்கள் உண்மையிலேயே ராணிகளாகத்தான் இருக்க முடிந்தது. 1850களின் இறுதியில் பிரான்சில் செயற்கை மெஜந்தா சாயம் வந்து விலையை இறக்கியது. ஆனால் அது வெயிலில் வெளுத்தது. சுவரில் நின்று பிடிக்கும் குவினாக்ரிடோன் நிறமிகளை டூபான்ட் நிறுவனம் 1958இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பான்டோன் நிறுவனம் 2023ஆம் ஆண்டின் நிறமாக ‘விவா மெஜந்தா’வை அறிவித்தபோது, மூலமாகச் சொன்னது அதே பழைய பூச்சியைத்தான்.

கேள்வி: இந்த நிறத்தை வீட்டுக்குள் உருப்படியாகப் பயன்படுத்தியவர் யாராவது உண்டா?

பதில்: லூயிஸ் பாராகன். 1980இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற மெக்சிகோ கட்டடக்கலைஞர். மெக்சிகோ நகரில் 1948இல் அவர் தமக்காகக் கட்டிய வீடு 2004 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அங்கே ஒரு சுவர் பளீரென்ற ரோஸ். அது இருப்பது மாடிப்படி ஏறும் முன்கூடத்தில். கடந்து போகிறவர் ஒரு கணம் அதில் நனைந்துவிட்டு, வெள்ளைச் சுவர்களுக்குள் நுழைந்துவிடுவார். அந்த முன்கூடத்தில் தங்கத்தகடு ஒட்டிய ஓவியம் ஒன்று வெளிச்சத்தை வாங்கித் திருப்பியனுப்புகிறது. நிறத்துக்குக் கூலி கொடுத்தவர், வெளிச்சத்துக்கும் வேலை கொடுத்தார்.

கேள்வி: ஹாலின் நான்கு சுவருக்கும் அடித்தால் என்ன?

பதில்: அடித்த அன்று மகிழ்ச்சி, மறுநாள் மிரட்சி. ஷேட் கார்டில் தீப்பெட்டி அளவில் பார்த்த நிறம் சுவரில் மேலும் கொழுத்துத் தெரியும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் சிவப்பை மற்றொன்றின் மேல் வீசி, இரண்டையும் இன்னும் கெட்டியாக்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவர் முகத்திலும் அந்தச் சிவப்பு விழும். பேச்சுவார்த்தைக்கு வந்த சம்பந்தி கோபித்துக்கொண்டாரா, சுவர்தான் காரணமா என்று தீர்ப்பது கடினம். ஒரே சுவர் போதும். அதுவும் நாற்காலிகளுக்குப் பின்னால் இருக்கட்டும், முன்னால் வேண்டாம்.

கேள்வி: கடையில் ராணியாக இருந்த நிறம் வீட்டில் வேலைக்காரி போல வாடிப்போவது ஏன்?

பதில்: உவமையில் உள்ள குற்றத்தைத் தள்ளிவைத்தால், மற்ற குற்றம் விளக்குடையது. விலை மலிந்த எல்இடி விளக்குகளின் ஒளியில் ஆழ்ந்த சிவப்புப் பகுதி குறைவு. இல்லாத சிவப்பைச் சுவர் எங்கிருந்து திருப்பித் தரும்? விளக்கு நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்ல, பெட்டியில் ‘சிஆர்ஐ’ என்று ஓர் எண் இருக்கும். 90க்கு மேல் இருப்பது நல்லது. கெட்டிச் சிவப்பைக் காட்டும் திறனுக்கு ‘ஆர்9’ என்று தனி எண்ணே உண்டு. பெரும்பாலான பெட்டிகள் அதைப் பற்றி மௌனம் காக்கும். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் இந்த நிறம் கத்திரிப்பூ பக்கம் சாயும். 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் சிவப்புப் பக்கம் திரும்பும்.

எந்த மின்விளக்கையும் விட இதற்கு ஏற்றது எண்ணெய்ச் சுடர். அதன் ஒளியில் சிவப்பு அள்ளிக் கொட்டிக் கிடக்கிறது. பூஜை மாடத்தின் உட்புறம் மட்டும் ராணி கலர் பூசி, முன்னால் பித்தளைக் குத்துவிளக்கை ஏற்றிவைத்தால், எந்த அலங்கார நிபுணருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

விளக்கேற்றாத அந்தி நேரத்தில் சுவர் கறுத்துப்போவதற்கு வேறு காரணம். மங்கிய ஒளியில் கண் முதலில் கைவிடுவது சிவப்பைத்தான். நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பர்க்கின்ஜி என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு எழுதிவைத்தார்.

கேள்வி: இதற்கு ஜோடி எது?

பதில்: காஞ்சிபுரத்துத் தறியைக் கேட்டால் தெரியும்: ராணி கலர் உடல் என்றால் பச்சைக் கரை. எதிர்நிறம் பக்கத்தில் நின்றால் இரண்டும் தூக்கும். தேக்கு, பித்தளை, தந்தவெள்ளை ஆகியவையும் ஒத்துப்போகும். சாம்பல் நிற சோபா மட்டும் ஏமாற்றும். இந்தச் சுவரருகே அது லேசாகப் பாசி பிடித்தது போலப் பச்சையாகத் தெரியும். பழைய ரெட் ஆக்சைடு தரையுள்ள வீட்டில் கவனம் தேவை. தரையின் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம், சுவரின் சிவப்பு நீலப் பக்கம். இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பட்டை ஒன்று மத்தியஸ்தம் செய்தாக வேண்டும்.

கேள்வி: சமையலறையில்?

பதில்: அடுப்புக்குத் தூரமாக. தாளிப்புப் புகையின் மஞ்சள் படிந்தால் ராணி செங்கல்லாகிவிடுவாள்.

கேள்வி: மூன்று கோட் அடித்தும் திட்டுத்திட்டாகத் தெரிகிறதே, பெயின்டர் ஏமாற்றுகிறாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வெளிர் நிறங்களில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறையக் கலந்திருக்கும். சுவரை மறைப்பது அதுதான். பளிச்சென்ற சிவப்பில் அதைச் சேர்த்தால் நிறம் வெளுத்துவிடும் என்பதால் சேர்ப்பதில்லை. அதனால் பூச்சு கண்ணாடி போல அடியைக் காட்டும். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஏற்றிய பிரைமரை முதலில் அடித்தால் ஒரு கோட்டாவது மிச்சமாகும். முழுச் சுவருக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்து வாங்குவது நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால், இரண்டு டின்னுக்கும் இடையிலான வேறுபாடு சுவரில் கோடாகத் தெரியும். ஓதம் ஏறும் சுவரில் இந்த நிறமே வேண்டாம். உப்புப் பூத்தால் வெள்ளைச் சுவர் மறைத்துக்கொள்ளும், ராணி கலர் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ரோஸ் அறை சண்டையைத் தணிக்குமாமே?

பதில்: 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் கடற்படைத் தடுப்பறை ஒன்றுக்கு ரோஸ் அடித்தார்கள். கைதிகள் அமைதியானார்கள் என்று செய்தி பரவியது. ஆய்வைத் தூண்டிய ஷவுஸ் என்பவர் புகழ் பெற்றார். பிற்பாடு ஸ்விட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தபோது, அந்த ரோஸ் அறைக்கும் வெள்ளை அறைக்கும் வேறுபாடு தெரியவில்லை. தவிர, அது வெளிறிய ரோஸ். ராணி கலர் அல்ல.

கேள்வி: வாடகை வீட்டில் அடிக்கலாமா?

பதில்: ஓனர் சம்மதித்தால் அடிக்கலாம். காலி செய்யும்போது வெள்ளைக்குத் திரும்ப இரண்டு கோட் பிரைமரும் அதன் மேல் எமல்ஷனும் ஆகும். சென்னையில் வழக்கமாக அட்வான்சில் பெயின்டிங் செலவுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். வெள்ளையாகவே வைத்திருந்தாலும் பிடிப்பார்கள்.