குத்தாலத்துக்குப் போற தொந்தி

ஏலே பேராண்டி, மூணு வாரத்துல எட்டுக் கிலோ குறைக்கப் போறியாம்லா? உங்க ஆத்தா வந்து பொலம்பிட்டுப் போறா. ஜூன் மாசம் சாரல் விழுந்ததும் கூட்டாளிமாரோட குத்தாலம் போறியாம். ஐந்தருவிக்கு முன்னால சட்டையக் கழட்டிட்டு நின்னு போட்டோ எடுக்கணுமாம். அதுக்குள்ள தொந்தி மாயமா மறைஞ்சிரணுமாம். நல்ல சோலிதான்.

ஒண்ணு கேக்கேன். நீ குத்தாலத்த நேருல பாத்திருக்கியா, இல்ல செல்போன்லதான் பாத்திருக்கியா? சீசன்ல ஒரு ஞாயித்துக்கிழம மெயினருவிப் பக்கம் போய் நில்லு. இடுப்புல ஒத்தத் துண்டோட மனுசன் திமுதிமுன்னு நிக்கான். எல்லாவன் தொந்தியும் வெளியிலதான் கெடக்கு. தண்ணி மண்டையில விழுதப்போ கண்ணே தொறக்க முடியாது. இதுல ஒன் வயித்த எவன்லே பாக்கப் போறான்? பக்கத்துல நிக்குதவன் ஒன்னய இடிச்சுத் தள்ளிட்டு உள்ள நுழையதுலதான் குறியா இருப்பான். கொஞ்சம் தொந்தி இருந்தா அந்த இடிக்கு அசையாம நிக்கலாம். அதுவும் ஒரு வசதிதான்.

சரி, ஆசப்பட்டுட்ட. கணக்குப் பாப்போமா? நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. நான் ஏதோ பேப்பர் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன். தப்பா இருந்தா சொல்லு.

ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா சுமாரா 7,700 கலோரி செலவாவணும்ங்கான். எட்டுக் கிலோவுக்கு எம்புட்டு? 61,600. இருபத்தொரு நாளுக்குப் பிரிச்சா நாளுக்கு 2,900க்கு மேல வருது. உக்காந்த எடத்துல வேல பாக்குத ஆம்பளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 2,110 கலோரிதான்னு ஐதராபாத்துல இருக்குத தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரன் எழுதி வச்சிருக்கான். ஒனக்கு 86 கிலோ ஒடம்பு, தாராளமா 2,400ன்னே வச்சுக்குவோம். மூணு வாரமும் பச்சத் தண்ணி பல்லுல படாமக் கெடந்தாக்கூட கொழுப்பு ஆறரைக் கிலோவத் தாண்டிக் கரையாது. மிச்சம் ஒன்றரைக் கிலோவுக்கு எங்கலே போவ? காத வெட்டித் தராசுல வைக்கப் போறியா?

"இல்ல தாத்தா, என் சேக்காளி ஒரே வாரத்துல மூணு கிலோ குறைச்சான்"ன்னு சொல்லுவ. குறைஞ்சிருக்கும். எவன் இல்லன்னான்? ஆனா குறைஞ்சது என்னன்னு கேட்டியா? நாம திங்குத சோத்துச் சத்துல ஒரு பங்க ஒடம்பு கிளைக்கோஜன்னு ஈரல்லயும் சதையிலயும் சேத்து வச்சிருக்கு. அதுல ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியக் கூடவே புடிச்சு வச்சிருக்கும். சோத்த நிறுத்துனதும் மொதல்ல அது காலியாவும், தண்ணியும் சேந்து வெளிய போயிரும். தராசு முள்ளு சடசடன்னு எறங்கும். ஒன் சேக்காளி மூணு கிலோ மூத்திரத்தப் போக்கிட்டு, கொழுப்புக் கரைஞ்சதுன்னு ஊரெல்லாம் மிட்டாய் குடுத்திருக்கான். குத்தாலத்துல ஒரு ராத்திரி பரோட்டாவப் பிச்சுப் போட்டு சால்னா ஊத்தித் தின்னான்னா போனதுல பாதி விடியுததுக்குள்ள வீடு வந்து சேந்துரும்.

தராசுன்னதும் ஞாவம் வருது. ஒன் ரூம்புல ஒரு கண்ணாடித் தராசு கெடக்குல்லா? காலையில ஏறுத. கக்கூசுக்குப் போயிட்டு வந்து ஏறுத. குளிச்சிட்டு ஏறுத. நேத்து அரைஞாண் கயித்த அவுத்து வச்சிட்டு ஏறுனியாமே, உங்க ஆத்தா சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. ஏலே, ஒரு செம்புத் தண்ணி குடிச்சாலே முள்ளு ஏறும்லா? ஒரே நாள்ல ஒரு கிலோ ஏறும், எறங்கும். வாரத்துக்கு ஒருக்க, ஒரே கெழமையில, விடியக்காலம் வெறும் வயித்தோட ஏறு. போதும். மத்த நாள்ல கட்டிலுக்கு அடியில தள்ளி விடு.

இதுல இன்னொரு கூத்து. டப்பாவுல மாவு வருதாம், அதக் கரைச்சுக் குடிச்சாச் சோறே வேண்டாமாம். வெல என்னன்னு கேட்டேன். அந்தத் துட்டுக்கு ஒரு மூட்ட பொன்னி அரிசி வாங்கிரலாம். ஒருத்தன் சாறு மட்டும் குடிக்கச் சொல்லுதான். ஒருத்தன் சோறு, இட்லி, பழம் எல்லாத்தையும் விட்டுட்டுக் கறியும் வெண்ணெயுமா முழுங்கச் சொல்லுதான். இவனுவ யாருக்காவது ஒன் பேரு தெரியுமா? ஒனக்கு ரத்த அழுத்தம் இருக்கா, சக்கர இருக்கான்னு கேட்டானுவளா? மாத்திர திங்குதவன் டாக்டரக் கேக்காமப் பட்டினி கெடந்தா மயங்கி விழுவான். திடுதிப்புன்னு எள‌ச்சா பித்தப்பையில கல்லு வரலாம். கொழுப்போட சேந்து சதையும் கரையும், முடியும் கொட்டும். பொறவு ஐந்தருவியில போட்டோ எடுக்கப் போறது யாரு, சொட்டத்தலையனா?

"உங்க காலத்துல எல்லாரும் ஒல்லியாத்தான இருந்தீங்க, என்ன ரகசியம்?"னு ஒரு நாள் கேட்ட. ரகசியம் என்ன ரகசியம். சோறு இல்ல. அம்புட்டுத்தான். கம்மங்கூழும் கேப்பக்களியும் ஒடம்புக்கு நல்லதுன்னு நாங்க திங்கல, வேற இல்லாததால தின்னோம். நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். அதப் பெருமன்னு எவனாவது ஒங்கிட்ட வந்து அளந்தா நம்பாத.

சரி, இப்ப ஆவுத கதையப் பேசுவோம். 2024ல அதே ஐதராபாத்துக்காரன் ஒரு கையேடு போட்டான். வாரத்துக்கு அரைக் கிலோ குறைச்சா ஒடம்புக்குப் பழுதில்ல, என்ன ஆனாலும் நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழ போவாதன்னு அதுல இருக்கு. அப்ப மூணு வாரத்துல ஒன்றரைக் கிலோ. மூஞ்சியச் சுளிக்காத. குத்தால சீசன் ஜூன்லயே முடிஞ்சிருதா? ஆகஸ்ட் வரைக்கும் சாரல் இருக்கும்லா? பயணத்தத் தள்ளிப் போடு. எட்டு வாரம் கெடைச்சா நாலு கிலோ. 86 கிலோக்காரன் நாலு கிலோ எறங்குனாலே ரத்த அழுத்தம், சக்கர எல்லாம் ஒரு பிடி எறங்கும்னு டாக்டருமாரு சொல்லுதாவ. வேட்டி கட்டுதப்போ ஒனக்கே தெரியும்.

அரைக் கிலோன்னா நாளுக்கு 550 கலோரி மிச்சம் பிடிக்கணும். அது எங்க இருக்குன்னு நான் காட்டுதேன். நாளுக்கு நாலு டீ குடிக்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சீனி. அதுவே 160. சாயந்தரம் அஞ்சு மணியானா ஆபீசு வாசல்ல ரெண்டு உளுந்தவட. அது ஒரு 200 இருக்கும். பொறவு பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்கே பைக்க எடுக்க. அத வீட்டுலயே நிறுத்திட்டுக் காலையில அரை மணி, சாயந்தரம் அரை மணி வேகமா நட. ஒன் ஒடம்புக்கு 250 கிட்ட செலவாவும். கூட்டிப் பாரு, 600 தாண்டிருச்சு. மாவு டப்பா எதுக்குலே?

அதுலயும் ஒரு சூட்சுமம் சொல்லுதேன். "இந்த மாசம் ரெண்டு கிலோ"ன்னு சுவத்துல எழுதி ஒட்டாத. கிலோ ஒன் பேச்சக் கேக்காது. "இன்னைக்கு வட திங்க மாட்டேன், ஒரு மணி நேரம் நடப்பேன்"னு எழுது. அது ஒன் கையில இருக்கு. வாரத்துல ஒரு நாள் தவறுனா தவறட்டும். வட சுடுதவனும் பொழைக்கணும்லா?

குத்தாலத்துக்குப் போன பொறவு கலோரி எண்ணிக்கிட்டு இருக்காத, சவத்தெழவு. பழைய குத்தால அருவியில ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்தா பசி கபகபன்னு எரியும். அந்தப் பசியில செங்கோட்டைப் பக்கம் போய் மொறுமொறு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் திங்கலன்னா அங்க எதுக்குப் போவணும்? தின்னு. மூணு வேளையும் அதையே திங்காம, ஒரு வேளை தின்னு. மத்த வேளைக்கு ரெண்டு இட்லி போதும். அருவிக்கு ஆட்டோ புடிக்காம நடந்து போ. போனப்போ இருந்த எடையிலயே திரும்பி வந்துட்டா நீ கெட்டிக்காரன். அங்க போயி ரெண்டு கிலோ ஏத்திட்டு வராம இருக்கதும் ஒரு சாதனதான், அத எவனும் போட்டோ புடிச்சுப் போட மாட்டான்.

வாரப்போ எனக்கு ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கிட்டு வா. எடையப் பாத்து வாங்குலே. அங்க இருக்குத தராசு ஒன் ரூம்புத் தராச விட மோசம்.